காரில் தெறித்த ரத்தம்: அசாரியா வழக்கும் ஆய்வகச் சாட்சியமும்

சாட்சியச் சட்டத்தில் நிபுணர் சாட்சியம் என்று ஒரு பாடம் வரும். "நிபுணரின் கருத்து நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது" என்று ஒரு வரி எழுதிவிட்டு, இரண்டு தீர்ப்புகளின் பெயரையும் போட்டுவிட்டால் மார்க் கிடைத்துவிடும் :-) நானும் அப்படி எழுதியவன்தான். அந்த வரிக்கு உண்மையில் என்ன பொருள் என்பது ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு வழக்கைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. "டிங்கோ குழந்தையைத் தூக்கிப் போன கேஸ்" என்று பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மெரில் ஸ்ட்ரீப் நடித்த படம்கூட 1988ல் வந்தது. ஆனால் என் கவனம் டிங்கோ மேல் இல்லை. ஒரு காரின் மேல்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மைக்கேல் சேம்பர்லைன் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் மவுண்ட் ஐசா என்ற சுரங்க ஊரில் பாதிரியாராக இருந்தவர். செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபை. அவர் மனைவி லிண்டி. இரண்டு பையன்கள், ஒன்பது வாரப் பெண் குழந்தை அசாரியா. 1980 ஆகஸ்ட் மாதம் தங்கள் மஞ்சள் நிற ஹோல்டன் டொரானா காரில் ஆஸ்திரேலியாவின் நடுவே இருக்கும் அந்தப் பெரிய சிவப்புப் பாறைக்குச் சுற்றுலா போனார்கள். அப்போது ஏயர்ஸ் ராக் என்றார்கள், இன்று உலூரு. ஆகஸ்ட் 17 இரவு சுமார் எட்டு மணி. குழந்தையைக் கூடாரத்தில் தூங்க வைத்துவிட்டு, மற்ற சுற்றுலாப் பயணிகளோடு அடுப்படியில் நின்றிருந்த லிண்டி, அழுகைச் சத்தம் கேட்டதாகச் சொல்லிக் கூடாரத்துக்குப் போனார். உள்ளேயிருந்து ஒரு டிங்கோ வெளியே வந்ததைப் பார்த்ததாகவும், குழந்தை இல்லை என்றும் கத்தினார். (டிங்கோ என்பது ஆஸ்திரேலியக் காட்டு நாய். படத்தில் பார்த்தால் நம் தெருவில் திரியும் செம்பழுப்பு நாட்டு நாய் மாதிரியே இருக்கும்.)

அன்றிரவே சுமார் முந்நூறு பேர் வரிசை கட்டித் தேடினார்கள். குழந்தை கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, கூடாரத்திலிருந்து சுமார் நான்கு கிலோமீட்டர் தள்ளி, பாறையின் அடிவாரத்தில் குழந்தையின் உடைகளை ஒரு சுற்றுலாப் பயணி பார்த்தார். ரத்தக் கறை படிந்த உடைகள். குழந்தை மேலே போட்டிருந்த வெள்ளைச் சட்டை மட்டும் அங்கே இல்லை. இந்தச் சட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வரும். தகவல் கேட்டு வந்த போலீஸ்காரர், படம் எடுப்பதற்கு முன்பே துணிகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டார். துணி எந்த நிலையில் கிடந்தது, யாராவது மடித்து வைத்ததா, விலங்கு இழுத்துப் போட்டதா என்பது பின்னால் பெரிய விவாதமானது. பதில் சொல்லக்கூடிய ஒரே படம் எடுக்கப்படவே இல்லை.

முதல் மரண விசாரணை 1981 பிப்ரவரியில் முடிந்தது. விசாரித்த மாஜிஸ்திரேட் டெனிஸ் பாரிட் தன் முடிவைத் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்ப அனுமதித்தார். டிங்கோதான் எடுத்துப் போனது, பெற்றோர் மீது குற்றமில்லை. உடைகளை மட்டும் பிறகு யாரோ கையாண்டிருக்கிறார்கள் என்றார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. அந்தத் தாய் பேட்டியில் அழவே இல்லை என்றார்கள். குழந்தைக்குக் கறுப்பு கவுன் போட்டிருந்தாள் என்றார்கள். அசாரியா என்றால் "வனாந்தரத்தில் பலி" என்று அர்த்தம் என ஒரு வதந்தி. அப்படி எந்த அர்த்தமும் கிடையாது. அதிகம் தெரியாத ஒரு சிறிய சபையைச் சேர்ந்தவர்கள் என்பதும் சேர்ந்துகொண்டது. இதெல்லாம் வெறும் வம்பு, கோர்ட்டில் செல்லாது. இந்த வம்புக்குக் கோர்ட்டுக்குள் நுழைய வழி கொடுத்தது ஆய்வகம்.

லண்டனில் ஜேம்ஸ் கேமரன் என்ற புகழ்பெற்ற தடயவியல் மருத்துவப் பேராசிரியரிடம் குழந்தையின் உடைகள் போயின. அவர் புற ஊதா வெளிச்சத்தில் துணியைப் பார்த்துவிட்டு, முதுகுப் பக்கத்தில் ரத்தத்தில் பதிந்த ஒரு சிறிய கையின் தடம் தெரிகிறது, பெண்ணுடையதாக இருக்கலாம், கழுத்து வெட்டப்பட்டிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். 1981 செப்டம்பரில் போலீஸ் சேம்பர்லைன் வீட்டைச் சோதனையிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனது. சம்பவம் நடந்து பதின்மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்தப் பதின்மூன்று மாதமும் கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

காரைச் சோதித்தவர் நியூ சவுத் வேல்ஸ் அரசு ஆய்வகத்தின் உயிரியலாளர் ஜாய் கூல். காருக்குள் பல இடங்களில் ரத்தம் இருக்கிறது, அதுவும் கைக்குழந்தையின் ரத்தம் என்றார். முன் சீட்டுக்கு எதிரே, டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள தகட்டில் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெறித்த கறை இருந்தது. அதுவும் சிசு ரத்தம் என்று சோதனை சொன்னது. அரசுத் தரப்புக்கு முழுக் கதையும் கிடைத்துவிட்டது. அடுப்படியிலிருந்து போன ஐந்து, பத்து நிமிடத்தில் தாய் குழந்தையைக் காரின் முன் சீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுத்தை அறுத்தாள், உடலை மறைத்தாள், பெரிய பையனுக்கு ஒரு டின் பீன்ஸ் எடுத்துக்கொண்டு ஒன்றும் நடக்காதது மாதிரித் திரும்பி வந்தாள். ஏன் செய்தாள்? காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயம் தங்களுக்கு இல்லை என்றார்கள். உடலும் இல்லை, கொலை ஆயுதமும் இல்லை, நேரில் பார்த்தவரும் இல்லை. அந்தத் தகட்டில் இருந்த புள்ளிகள்தான் வழக்கின் முதுகெலும்பு.

இங்கே கொஞ்சம் வேதியியல் பேச வேண்டும். சட்டம் படிக்கிறவர்களுக்கு ஏன் இது என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஒரு கறை ரத்தமா என்று பார்க்க இரண்டு படி உண்டு. முதல் படி ஆர்த்தோ-டோலிடின் மாதிரியான நிறச் சோதனை. கறையைத் தொட்டு எடுத்து மருந்தை விட்டால் நீலம் வரும். இது "ரத்தமாக இருக்கலாம்" என்று மட்டும் சொல்லும் சோதனை. ஏனென்றால் ரத்தம் தவிர வேறு சிலவற்றுக்கும் நிறம் மாறும். சில காய்கறிச் சாறுகள், துரு, முக்கியமாகத் தாமிரம். சேம்பர்லைன் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது? மவுண்ட் ஐசா. தாமிரம் வெட்டி உருக்கும் ஊர். ஊர்த் தூசியிலேயே தாமிரம் இருக்கும் ஊரில் ஓடிய காரில் இந்தச் சோதனை நீலம் காட்டினால் அதற்கு என்ன மதிப்பு? எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. ஊரின் பெயர் வழக்கின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

இரண்டாவது படி, அது யாருடைய ரத்தம் என்பது. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் பெரும்பகுதி "சிசு ஹீமோகுளோபின்" என்ற வகை இருக்கும். மாதங்கள் போகப்போக அது குறைந்து, பெரியவர்களிடம் மிகமிகக் குறைவாகிவிடும். இந்த வகையை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருள் கொண்ட சீரத்தைக் கறையின் சாற்றோடு ஒரு ஜெல் தட்டில் சந்திக்க விட்டால், சிசு ஹீமோகுளோபின் இருந்தால் மெல்லிய ஒரு கோடு விழும். கோடு விழுந்தால் குழந்தை ரத்தம். இது கொள்கை. ஆனால் அந்தச் சீரம் சிசு ஹீமோகுளோபினை மட்டும்தான் பிடிக்கிறதா? நியூகாசில் பல்கலைக்கழகத்தின் பேரி பாட்சர் அதே வகைச் சீரத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, பெரியவர் ரத்தத்தோடும் அது கோடு காட்டுகிறது என்று விசாரணையிலேயே சாட்சி சொன்னார். அப்புறம் இன்னொரு கேள்வி. வெயிலில் ஒரு வருஷத்துக்கும் மேல் வெந்த காரில் ரத்தப் புரதம் எந்த நிலையில் இருக்கும்? அதே வயதுள்ள, அதே மாதிரி வெந்த பெரியவர் ரத்தத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

இந்தக் காரில் பெரியவர் ரத்தம் இருக்கக் காரணமும் இருந்தது. 1979ல் சாலை விபத்தில் அடிபட்டுக் கிடந்த ஒருவரைச் சேம்பர்லைன் தம்பதி இதே காரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவர் காருக்குள் ரத்தம் சிந்தியது உண்மை.

சரி, கோடு விழுந்த அந்தத் தட்டுகளை எதிர்த்தரப்பு நிபுணர் வாங்கிப் பார்க்கலாமே? முடியாது. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். மறைப்பதற்காக இல்லை, வேலை முடிந்ததும் தட்டுகளை அப்புறப்படுத்துவதுதான் அந்த ஆய்வகத்தின் வழக்கம். புகைப்படமும் இல்லை. கொலை வழக்கில் முக்கியச் சாட்சியம் ஒருவரின் நினைவும் அவர் எழுதி வைத்த குறிப்பும் மட்டுமே என்றாகிவிட்டது. வழக்கறிஞர் எதைக் குறுக்கு விசாரணை செய்வது? பார்த்தவர் "கோடு இருந்தது" என்கிறார். "இல்லை" என்று சொல்ல எதிரே இருப்பவர் அதைப் பார்க்கவே இல்லை.

விசாரணை 1982 செப்டம்பர் 13ஆம் தேதி டார்வினில் தொடங்கியது. நீதிபதி ஜேம்ஸ் மூர்ஹெட். அரசுக்கு இயன் பார்க்கர். சேம்பர்லைன் தரப்புக்கு ஜான் ஃபிலிப்ஸ், பின்னாளில் விக்டோரியா மாநிலத்தின் தலைமை நீதிபதி ஆனவர். சாதாரண வக்கீல் இல்லை. லண்டன் பேராசிரியர் கேமரனைக் கூண்டில் ஏற்றி, இங்கிலாந்தில் 1972ல் நடந்த கான்ஃபெய்ட் கொலை வழக்கில் அவர் கொடுத்த கருத்து என்ன ஆனது என்று கேட்டார் ஃபிலிப்ஸ். அந்த வழக்கில் தண்டனை பெற்ற சிறுவர்களை 1975ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்திருந்தது. டிங்கோவின் வாய்க்குள் குழந்தையின் தலை அடங்காது என்று சொன்ன பல் மருத்துவ நிபுணரிடம், அதே அளவுள்ள பொம்மைத் தலையை முழுதாகக் கவ்விய டிங்கோவின் படத்தை நீட்டினார். நல்ல குறுக்கு விசாரணைக்கு இதெல்லாம் இன்றும் பாடம்.

ஆனால் பயனில்லை. ஏன் என்று நான் நிறைய யோசித்தேன். ஜூரியில் ஒன்பது ஆண்கள், மூன்று பெண்கள். அவர்கள் முன்னால் ஒரு நிபுணர் சீரம் சரி என்கிறார், இன்னொரு நிபுணர் சீரம் தப்பு என்கிறார். இருவரும் படித்தவர்கள். இருவரும் சத்தியம் செய்தவர்கள். யார் சொல்வது சரி என்று ஒரு கடைக்காரரோ குமாஸ்தாவோ எப்படி முடிவு செய்வார்? இந்தச் சோதனை எப்படி நடக்க வேண்டும் என்று இரு தரப்புக்கும் பொதுவான ஒரு அளவுகோல் கையில் இருந்திருந்தால் "இதில் இன்னது செய்யப்படவில்லை" என்று காட்டியிருக்கலாம். அது இல்லாதபோது நிபுணரின் தோரணைதான் எடை போடப்படும். அரசு ஆய்வகம் என்ற பெயருக்குத் தனி கனம் வேறு.

இதில் இன்னொரு வேதனை. குழந்தை இறந்துவிட்டதாக அரசு சொன்ன நேரத்துக்குப் பிறகும் குழந்தையின் அழுகையைக் கேட்டதாக அடுப்படியில் நின்றிருந்த இன்னொரு பெண் சாட்சி சொன்னார். அவருக்கும் சேம்பர்லைன் குடும்பத்துக்கும் முன்பின் பழக்கமே கிடையாது. சம்பவ இரவே கூடாரத்தைச் சுற்றித் தடம் பார்த்த பழங்குடியினர், நாயின் காலடியையும், பாரமான எதையோ இழுத்துப் போய் நடுவில் கீழே வைத்த அடையாளத்தையும் கண்டிருந்தார்கள். மணலைப் படிப்பதில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள். அதுவும் ஒரு நிபுணத்துவம்தானே? ஆனால் வெள்ளைக் கோட்டு போட்டு வந்த சாட்சியத்துக்கு முன்னால் இவை எதுவும் எடுபடவில்லை.

நீதிபதியின் தொகுப்புரை விடுதலைப் பக்கம் சாய்ந்தது என்றே கேட்டவர்கள் நினைத்தார்கள். 1982 அக்டோபர் 29 அன்று ஜூரி குற்றவாளி என்றது. லிண்டிக்கு ஆயுள் தண்டனை. மைக்கேலுக்கு, கொலைக்குப் பின் உதவியதாக, நிறுத்தி வைக்கப்பட்ட பதினெட்டு மாதம். லிண்டி அப்போது நிறைமாத கர்ப்பிணி. நவம்பரில் சிறைக்காவலில் இருக்கும்போதே பெண் குழந்தை பிறந்தது. குழந்தையை அவரிடம் விடவில்லை. 1983ல் ஃபெடரல் நீதிமன்ற மேல்முறையீடு தோற்றது. 1984 பிப்ரவரியில் ஹைகோர்ட்டில் (ஆஸ்திரேலியாவில் அதுதான் உச்ச நீதிமன்றம்) மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றார்கள். நீதிபதிகள் மர்ஃபியும் டீனும் மட்டும் தண்டனை நிற்காது என்றார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கோர்ட்டுகள் கதவைச் சாத்திய பிறகு, சில விஞ்ஞானிகளும் சாதாரண ஆட்களும் பொறுமையாக ஒவ்வொன்றையும் திரும்பச் செய்து பார்த்தார்கள். அதில் முக்கியமானவர் லெஸ் ஸ்மித், ஒரு உணவு நிறுவனத்தில் வேலை பார்த்தவர், தடய அறிவியல் படித்தவர் இல்லை. உடையில் இருந்த கிழிசல் கத்தரிக்கோலால்தான் வெட்டப்பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் வெட்டிய இடத்தில் நூல் துணுக்குகள் உதிர்ந்திருக்கின்றன, பல்லால் கிழித்தால் அப்படி உதிராது என்று விசாரணையில் ஜவுளித் துறைப் பேராசிரியர் சொல்லியிருந்தார். ஸ்மித் என்ன செய்தார் தெரியுமா? துணியை நாயிடம் கொடுத்தார். நாயின் கடைவாய்ப் பல் கத்தரி மாதிரியே துணியை வெட்டியது, துணுக்குகளும் உதிர்ந்தன. விசாரணைக்கு முன்பே யாராவது செய்து பார்த்திருக்கக்கூடிய சோதனை.

அடுத்து அந்தத் தகடு. அதே மாடல் வேறு டொரானா கார்களை எடுத்து டாஷ்போர்டுக்கு அடியில் பார்த்தார்கள். அங்கேயும் அதே இடத்தில் அதே மாதிரித் தெறித்த புள்ளிகள்! தொழிற்சாலையில் காரைச் செய்யும்போது சத்தம் குறைய அடிக்கும் தார் கலந்த ஒரு பூச்சு, சக்கர வளைவின் துளை வழியாக உள்ளே தெறித்திருந்தது. கழுத்து நரம்பிலிருந்து பீறிட்ட சிசு ரத்தம் என்று ஜூரி நம்பியது கார் கம்பெனியின் ஸ்பிரே. அதற்குப் போய்ச் சோதனை "குழந்தை ரத்தம்" என்று சொன்னது என்றால், மற்ற இடங்களில் அதே சோதனை சொன்னதை எப்படி நம்புவது?

1986 ஜனவரி இறுதியில் உலூரு பாறையில் ஏறிய ஓர் ஆங்கிலேயர் விழுந்து இறந்தார். அவர் உடலின் எஞ்சிய பாகங்களைத் தேடும்போது, பிப்ரவரி 2 அன்று, டிங்கோக்கள் வாழும் பகுதியில் மண்ணில் பாதி புதைந்த ஒரு சின்ன வெள்ளைச் சட்டை கிடைத்தது. அசாரியாவின் சட்டை. அப்படி ஒரு சட்டையே கிடையாது, லிண்டி பொய் சொல்கிறாள் என்று அரசுத் தரப்பு வாதிட்ட அதே சட்டை. ஐந்து நாளில் லிண்டி வெளியே வந்தார். சிறையில் மூன்று வருஷத்துக்கும் மேல் கழிந்திருந்தது.

நீதிபதி ட்ரெவர் மோர்லிங் தலைமையில் ராயல் கமிஷன் அமைந்து, 1987ல் அறிக்கை கொடுத்தது. காரில் அசாரியாவின் ரத்தம் இருந்தது என்று நிரூபிக்கப்படவில்லை. உடையின் முதுகில் கை வடிவமாகத் தெரிந்த கறையில் பெரும்பகுதி ரத்தமே இல்லை, அந்த ஊர்ச் செம்மண். இந்தச் சாட்சியம் முன்பே வந்திருந்தால் விடுதலை செய்யுங்கள் என்று ஜூரிக்கு நீதிபதியே உத்தரவிட்டிருக்க வேண்டியிருக்கும் என்றார் மோர்லிங். பழங்குடியினரின் தடச் சாட்சியத்தையும் அவர் மதித்துக் கேட்டார். நிபுணர்களைப் பற்றி அவர் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்: யாரும் வேண்டுமென்று பொய் சொன்னார்கள் என்பதல்ல, தங்கள் துறையின் ஓரத்தில், சரியாக ஆராயப்படாத விஷயங்களில், தேவைக்கு மேல் உறுதியாகப் பேசினார்கள். 1988 செப்டம்பர் 15 அன்று தண்டனைகள் முறைப்படி ரத்தாயின. 1992ல் 13 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு.

இது தனி வழக்கு இல்லை. அடிலெய்டில் எட்வர்ட் ஸ்ப்ளாட் என்பவர் பெயின்ட் துகள், மரத்தூள், பறவைத் தீனி மாதிரியான நுண்துகள்களை வைத்து 1978ல் கொலைக் குற்றவாளி ஆக்கப்பட்டு, வேறொரு ராயல் கமிஷனுக்குப் பிறகு 1984ல் வெளியே வந்திருந்தார். இரண்டும் சேர்ந்துதான் ஆஸ்திரேலியாவை உலுக்கின. 90களின் தொடக்கத்தில் தேசியத் தடய அறிவியல் நிறுவனம் என்று ஒன்று வந்தது. ஆய்வகங்களுக்கு வெளியாள் வந்து தணிக்கை செய்து அங்கீகாரம் தரும் முறை பரவியது. மாதிரி சேகரிப்பது, சோதிப்பது, முடிவை விளக்குவது, அறிக்கை எழுதுவது என நான்கு பகுதியாக ஏஎஸ் 5388 என்ற தேசியத் தரநிலை 2012, 2013ல் வெளியானது.

ஆனால் ஆய்வகத்துக்குத் தரம் வந்த வேகத்தில் கோர்ட்டுக்கு வந்ததா என்றால், எனக்குச் சந்தேகம்தான். அமெரிக்காவில் 1923ல் ஃப்ரை வழக்கில், அந்தத் துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட முறையா என்று கேட்டார்கள். 1993ல் டாபர்ட் வழக்கு, சோதித்துப் பார்த்த முறையா, பிழை விகிதம் என்ன என்று நீதிபதியே கேட்கலாம் என்றது. ஆஸ்திரேலியாவின் 1995 சாட்சியச் சட்டம் 79ஆம் பிரிவு கேட்பது வேறு: சாட்சிக்குப் பயிற்சி, படிப்பு, அனுபவம் வழியாக வந்த சிறப்பு அறிவு இருக்கிறதா, கருத்து அதன் அடிப்படையில் எழுந்ததா. 2006ல் டாங் என்ற வழக்கில் நியூ சவுத் வேல்ஸ் நீதிமன்றம், இந்தப் பிரிவில் "நம்பகத்தன்மை" என்ற வெளி விஷயத்தை நுழைக்கக் கூடாது என்றது. காரணம் புரிகிறது, சட்டத்தில் இல்லாத சொல்லை நீதிபதி சேர்க்க முடியாது. ஆனாலும் சேம்பர்லைன் வழக்கைப் படித்துவிட்டு இந்த வரியைப் படித்தால் நெஞ்சில் ஏதோ இடிக்கிறது. ஜாய் கூலுக்கும் படிப்பும் பயிற்சியும் இருந்தன. இல்லாமல் போனது அந்தச் சோதனையின் நம்பகத்தன்மைதான்.

அது வெறும் பழங்கதை இல்லை என்பதற்கு மெல்போர்னில் நடந்த ஒன்று. 2006ல் ஒரு இரவு விடுதியில் மயங்கிக் கிடந்த பெண்ணிடமிருந்து எடுத்த மாதிரியில் சோமாலியாவைச் சேர்ந்த ஓர் இளைஞனின் டிஎன்ஏ இருந்தது. வேறு ஒரு சாட்சியமும் கிடையாது. அந்த இளைஞன் அங்கே போனதேயில்லை என்றான். 2008ல் தண்டனை. பிறகு ஒருவர் பழைய பதிவேட்டைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. அதே மருத்துவமனைப் பிரிவில், அதே மருத்துவர், சுமார் 28 மணி நேரம் முன்பு வேறொரு பெண்ணைப் பரிசோதித்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு இந்த இளைஞனோடு தொடர்பு இருந்தது. ஒரு மாதிரி இன்னொன்றில் கலந்திருக்க வேண்டும். 2009 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அதற்குள் பதினாறு மாதம் உள்ளே. ஓய்வுபெற்ற நீதிபதி ஃபிராங்க் வின்சென்ட் 2010ல் கொடுத்த அறிக்கையைப் படித்தால், டிஎன்ஏ என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோரும் எப்படி யோசிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று தெரியும். போலீஸ், அரசு வக்கீல், எதிர்த்தரப்பு வக்கீல், எல்லோரும்தான்.

சேம்பர்லைன் வழக்கிலும் மெல்போர்ன் வழக்கிலும் கேட்கப்பட வேண்டிய கேள்விகளுக்குப் பட்டம் தேவையில்லை. இந்தக் கார் எந்த ஊரில் ஓடியது? இதே மாடல் வேறு காரைப் பார்த்தீர்களா? இந்த மாதிரிக்கு முன்பு அதே மேஜையில் என்ன இருந்தது? தட்டு எங்கே?

குழந்தை எப்படி இறந்தது என்பதற்கு அதிகாரப்பூர்வ பதில் கிடைக்க மேலும் பல வருஷம் ஆனது. 1995ல் மூன்றாவது மரண விசாரணை எதையும் முடிவாகச் சொல்லவில்லை. 2001ல் ஃபிரேசர் தீவில் ஒன்பது வயதுச் சிறுவனை டிங்கோக்கள் கடித்துக் கொன்றன. அதன் பிறகு "டிங்கோ அப்படிச் செய்யாது" என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 2012 ஜூன் 12 அன்று நான்காவது விசாரணையில் எலிசபெத் மோரிஸ், டிங்கோ தாக்கித் தூக்கிச் சென்றதால் மரணம் என்று பதிவு செய்தார். இறப்புச் சான்றிதழும் அப்படியே திருத்தப்பட்டது. முப்பத்திரண்டு வருஷம்.

கார் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மைக்கேல் சேம்பர்லைன் அந்த மஞ்சள் டொரானாவைத் திரும்பப் பெற்றுப் பத்திரமாக வைத்திருந்தார். அதற்கு அவர் வாங்கிய நம்பர் பிளேட்டில், முதலில் நான்கு என்ற எண், தொடர்ந்து "என்சிக்" என்ற எழுத்துகள். சேர்த்து ஆங்கிலத்தில் வாசித்தால் "ஃபோரென்சிக்". அந்தக் கார் இப்போது கான்பெராவில் தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.